கார் முகப்பு விளக்கு பல்புகள்: கரிசல் சாலைகளின் வழியே ஒரு வரலாறு

முகப்பு விளக்கு என்பது வாகனத்தின் முன்புறத்தில் பொருத்தப்பட்டு இரவில் சாலையை ஒளியூட்டும் விளக்கு. பேச்சு வழக்கில் இது 'ஹெட்லைட்' எனப்படுகிறது. பணிமனைகளில் விளக்கு முழுவதையும் 'டூம்' என்றும், உள்ளே மாற்றக்கூடிய பகுதியை 'பல்பு' என்றும் பிரித்துச் சொல்வார்கள். இந்தப் பிரிவினை முக்கியமானது. டூமில் உள்ள எதிரொளிப்பான் எந்த பல்புக்காக வடிவமைக்கப்பட்டதோ, அந்த பல்பின் இழை எந்த இடத்தில் நிற்கிறதோ, அதைப் பொறுத்தே ஒளி சாலையில் விழுவதும் எதிரே வருபவரின் கண்ணில் விழுவதும் அமைகிறது. ஆனால் பல்பு கருகிப்போய் மாற்றுபவர்களில் பெரும்பாலோர் கடையில் கேட்பது ஒன்றுதான்: "இதைவிட வெளிச்சமா எதுவும் இருக்கா?"

தூத்துக்குடி மாவட்டத்தின் விளாத்திகுளம் வட்டத்தில் உள்ள குளத்தூர் போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்கு நியாயமான காரணம் உண்டு. தூத்துக்குடியிலிருந்து வைப்பாறு, குளத்தூர், வேம்பார் வழியாகச் சாயல்குடிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர்களுக்கு இடையே தெருவிளக்கு கிடையாது. இருபுறமும் கரிசல் நிலமும் வேலிக்காத்தான் புதர்களும்தான். கரிசல் மண் ஒளியை விழுங்கிவிடும். செம்மண் காட்டைப் போலச் சாலையோரம் மங்கலாகக்கூடத் தெரியாது. தை, மாசி மாதங்களில் அறுவடையான மிளகாய், மல்லி, உளுந்து, கம்பு எல்லாம் சாலையின் ஓரத்தில் காயும். வண்டிகள் ஏறாமலிருக்க அவற்றைச் சுற்றி வைத்த கற்கள், தானியத்தை அள்ளிய பிறகும் சில நேரம் அங்கேயே கிடக்கும். கிடை மாற்றும் ஆட்டு மந்தை, பின்விளக்கு இல்லாத மாட்டுவண்டி, இருட்டில் நடந்து வருபவர் என்று சாலையில் வேறு பலவும் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் வெளிச்சம் கேட்பது ஆடம்பரமாகாது. சிக்கல் என்னவென்றால், அந்த வெளிச்சத்தை எதிர்ப்பக்கம் வாங்கிக்கொள்பவரும் அதே கற்களையும் அதே ஆடுகளையும் பார்த்தாக வேண்டியவர்.

அரிக்கேனும் கார்பைடும்

மோட்டார் வாகனங்கள் வருவதற்கு முன் கரிசல் காட்டுச் சாலையில் இரவுப் பயணத்துக்கு இருந்த விளக்கு, மாட்டுவண்டியின் அடியில் அச்சுக்கருகே கட்டித் தொங்கவிடப்பட்ட அரிக்கேன். அது வழியைக் காட்டுவதற்காக ஏற்றப்பட்டதன்று. வண்டி வருவதைப் பிறருக்குத் தெரிவிப்பதற்காக ஏற்றப்பட்டது. மாடுகளுக்கு வழி தெரியும், வண்டிக்காரர் தூங்கினாலும் பாதகமில்லை. முதல் மோட்டார் கார்களில் இருந்த எண்ணெய் விளக்குகளும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்தன.

வேகம் கூடியதும் வழியைப் பார்க்கும் விளக்கு தேவைப்பட்டது. அதை முதலில் தந்தது கார்பைடு. 1892ஆம் ஆண்டில் மின் உலை மூலம் கால்சியம் கார்பைடு மலிவாகத் தயாரிக்கும் முறை கண்டறியப்பட்டது. அந்தக் கல்லின்மேல் நீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு வெளிவரும். வாயுவைப் பற்றவைத்தால் வெண்மையான சுடர் எரியும். காரின் பக்கவாட்டுப் படியில் ஒரு கலனில் கல்லும் நீரும் இருக்கும். குழாய் வழியாக வாயு முன்விளக்குக்குப் போகும். ஓட்டுநர் இறங்கித் தீக்குச்சி உரசி விளக்கேற்ற வேண்டும். காற்றிலும் மழையிலும் அணையாத பிரகாசமான சுடர் என்பது இதன் பலம். பயணம் முடிந்ததும் கலனில் தேங்கிய சுண்ணாம்புச் சேற்றைக் கழுவ வேண்டும் என்பதும், அதன் நாற்றமும் பலவீனங்கள். இதே கல்லைத்தான் பிற்காலத்தில் மாம்பழத்தைச் செயற்கையாகப் பழுக்கவைக்கப் பயன்படுத்தி, சட்டம் அதற்குத் தடைவிதித்தது.

மின்விளக்கு ஊருக்குள் வந்த விதம்

1912இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் மின்சாரத்தால் இயந்திரத்தைக் கிளப்பும் கருவியையும் மின்விளக்குகளையும் ஒரே அமைப்பாகக் காரில் தந்தது. டைனமோவும் பேட்டரியும் காரின் இயல்பான உறுப்புகளானபின், கார்பைடு சில ஆண்டுகளில் பின்னுக்குப் போயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில்தான் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தென் தமிழகத்தில் பேருந்துத் தொழிலைத் தொடங்கினார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த டி.வி.எஸ். பேருந்துகள் தென் மாவட்டச் சாலைகளின் அடையாளமாயின.

இதில் கவனிக்கத்தக்க ஒரு வரிசை உண்டு. சென்னை மாகாணத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும், மேட்டூர் 1937இலும், தாமிரபரணியின் பாபநாசம் 1944இலும் இயங்கத் தொடங்கின. அதன் பிறகும் கம்பிகள் கிராமங்களுக்குப் போய்ச் சேரப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே கரிசல் பகுதியின் பல ஊர்களுக்கு மின்வெளிச்சம் முதலில் கம்பம் வழியாக வரவில்லை. பேருந்தின் நெற்றியில் ஏறி வந்தது. மண்ணெண்ணெய் விளக்குக்குப் பழகிய கண்ணுக்கு அது எவ்வளவு கூசியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

கூச்சம் உலகம் முழுவதும் சிக்கலாகவே இருந்தது. முதல் தலைமுறை மின்விளக்குகளில் ஒரே இழைதான். எரியும் அல்லது அணையும். பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் எதிரே வண்டி வந்தால் ஒரு விளக்கை அணைத்துவிட்டு, மற்றொன்றின் எதிரொளிப்பானை இயந்திர முறையில் கீழே சாய்க்கும் ஏற்பாடு இருந்தது. தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் இன்றும் சொல்லும் 'டிப்பர்' என்ற சொல், ஒளியைக் கீழே இறக்குவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததே. லாரிகளின் பின்புறத்தில் "இரவில் டிப்பர் பயன்படுத்தவும்" என்ற வேண்டுகோள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பதைக் காணாதவர் குறைவு.

இதற்கு நிலையான தீர்வு 1920களின் நடுவில் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஆஸ்ராம் நிறுவனத்தின் 'பைலக்ஸ்' பல்பில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருந்தன. ஒன்று எதிரொளிப்பானின் குவியத்தில் நின்றது; அதன் ஒளி நேராகத் தொலைவுக்குப் போகும். மற்றது குவியத்துக்குச் சற்று முன்னால் நின்றது. அதன் கீழே ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருந்தது. கிண்ணம் கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைத்துவிடுவதால், எதிரொளிப்பானின் மேல் பாதி மட்டுமே வேலை செய்யும். மேல் பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழும். ஓட்டுநர் சொல்லும் 'பிரைட்', 'டிம்' இரண்டும் இந்த இரண்டு இழைகளே. 'டிம்' என்ற பெயரால் அது மங்கலான விளக்கு என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது ஏறத்தாழ அதே அளவு மின்சாரம் எடுக்கும், ஆனால் வெட்டி வடிவமைக்கப்பட்ட ஒளி. 1950களில் ஐரோப்பா இன்னொரு திருத்தம் செய்தது: எதிர்வண்டி வரும் பக்கம் தாழ்வாகவும், தன் பக்கத்துச் சாலையோரம் சற்று உயர்ந்தும் ஒளி விழுமாறு வடிவமைத்தது. இந்தியாவைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இந்த ஏற்றம் இடதுபுறம் இருக்கும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்யப்பட்ட டூமை இங்கே மாட்டினால் அது எதிராளியின் முகத்தைத் தேடிப்பிடித்து அடிக்கும்.

அம்பாசடர் காலம்

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. டி.வி.எஸ். நிறுவனமே இதற்கான கரிவாயுக் கலன்களை வடிவமைத்துச் செய்தது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்து விற்ற வில்லிஸ் ஜீப்புகள் ஊர்களுக்கு வந்தன. அவை 6 வோல்ட் வண்டிகள். அவற்றின் விளக்கு 'சீல்டு பீம்' வகை. அமெரிக்கா 1940 முதல் தரப்படுத்திய அந்த முறையில் கண்ணாடியும் எதிரொளிப்பானும் இழையும் ஒரே மூடிய பொருள். இழை அறுந்தால் விளக்கு முழுவதையும் மாற்ற வேண்டும். செலவு கூடுதல்தான். ஆனால் தவறான பல்பை மாட்ட வழியே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு வந்த இந்தியக் கார்கள் பிரிட்டிஷ் மரபில் அமைந்தவை. அம்பாசடரிலும் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் ஏழு அங்குல வட்ட விளக்கு இருந்தது. 1961இல் சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவப்பட்டபின் வாகன மின்கருவிகள் உள்நாட்டிலேயே கிடைக்கத் தொடங்கின. அம்பாசடரில் டிம்-பிரைட் மாற்றும் பொத்தான் தரையில், இடது காலடியில் இருந்தது. கிளட்சை மிதிப்பதும் டிம் அடிப்பதும் ஒரே காலின் வேலை என்பதால், வளைவில் எதிரே பேருந்து வந்தால் அந்தக் காலுக்கு நெருக்கடிதான்.

அக்காலத்து பல்பு தேர்வு எளிமையானது. 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா, லாரிக்கான 24 வோல்ட்டா என்று பார்ப்பார்கள், அடிப்பாகம் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள், முடிந்தது. 45/40 வாட் டங்ஸ்டன் பல்புதான் பரவலானது. எரிய எரிய டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் கறுப்பாகப் படிந்து, அறுந்துபோவதற்கு வெகுநாள் முன்பே பல்பு மங்கிவிடும். அந்த மங்கலான காலத்திலும் கூச்சம் ஒரு புகாராக இருந்தது. முகப்பு விளக்கின் நடுவில் கறுப்பு வட்டம் பூசுவது அல்லது ஒட்டுவது தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் நீடித்த வழக்கம்; காவலர்கள் வண்டிகளை நிறுத்தித் தாங்களே ஒட்டிவிட்டதும் உண்டு. நவீன டூம்களைப் பொறுத்தவரை இது அறிவியலுக்குப் பொருந்தாத சிகிச்சை. கறுப்பு வட்டம் மொத்த ஒளியைக் குறைக்குமே தவிர, திசை மாறிப்போன ஒளியைத் திருத்தாது.

ஹாலஜனும் எச்4உம்

1950களின் இறுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர்கள் கறுப்புப் படிவுக்கு விடை கண்டார்கள். பல்புக்குள் சிறிதளவு ஹாலஜன் தனிமத்தைச் சேர்த்தால், ஆவியான டங்ஸ்டன் அதனுடன் இணைந்து, கண்ணாடியில் படியாமல் மீண்டும் இழைக்கே திரும்புகிறது. அதனால் இழையை இன்னும் சூடாக, இன்னும் வெண்மையாக எரியவிடலாம். இந்தச் சுழற்சி நடக்கக் கண்ணாடிச் சுவர் மிகவும் சூடாக இருக்க வேண்டும். எனவே பல்பு சிறியதாகவும் குவார்ட்சு போன்ற வெப்பம் தாங்கும் பொருளாலும் செய்யப்பட்டது. பல்பை வெறுங்கையால் தொடக்கூடாது என்று சொல்வதன் காரணமும் இதுவே. விரலின் எண்ணெயும் வியர்வை உப்பும் சூட்டில் கண்ணாடியைத் தின்று, அந்த இடத்தை நலிவாக்கும். உப்பளக் காற்றும் வியர்வையும் நிறைந்த ஊர்களில் இதைக் கூடுதலாக நினைவில் கொள்வது நல்லது.

1962இல் ஐரோப்பாவில் முதல் ஹாலஜன் முகப்பு பல்பான எச்1 வந்தது. அதில் ஒரே இழை. இரண்டு இழைகள் கொண்ட எச்4 1971இல் வந்தது. பைலக்ஸின் கிண்ணத் தத்துவத்தை ஹாலஜனுக்குள் கொண்டுவந்த பல்பு இது. இந்தியாவின் பல சிறிய கார்களிலும் ஜீப்புகளிலும் இருப்பது இதுவே. 12 வோல்ட் எச்4இன் அளவு 60/55 வாட்: பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. லாரிகளுக்கான 24 வோல்ட் வகை 75/70 வாட். சோதனை மின்னழுத்தமான 13.2 வோல்ட்டில் 12 வோல்ட் எச்4 பிரைட்டில் ஏறத்தாழ 1,650 லூமென்னும் டிம்மில் 1,000 லூமென்னும் தர வேண்டும் என்பது பன்னாட்டு அளவுகோல். பல்பின் அடியில் மூன்று காதுகள் உண்டு. அவை ஒரே ஒரு விதத்தில்தான் டூமுக்குள் உட்காரும். இழை அதன் இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளி நின்றாலும் ஒளியின் வெட்டுக்கோடு சிதறும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு.

எச்4 பரவியதும் கடைகளுக்கு 100/90 வாட் பல்பும் வந்தது. அடிப்பாகம் அதேதான், மாட்டுவதும் எளிது. கிராமச் சாலைகளில் ஓடிய ஜீப்புகளும் வாடகைக் கார்களும் இதை விரும்பின. இரண்டு 60 வாட் பல்புகள் சேர்ந்து எடுப்பது ஏறத்தாழ 10 ஆம்பியர். இரண்டு 100 வாட் பல்புகள் எடுப்பது ஏறத்தாழ 17 ஆம்பியர். காரின் கம்பியும் சுவிட்சும் 10 ஆம்பியருக்காகச் செய்யப்பட்டவை. ஹோல்டர் உருகுவதும், கம்பியின் உறை கருகுவதும், எதிரொளிப்பானின் பூச்சு உரிந்து வெளுப்பதும் இதன் விளைவுகள். எதிரொளிப்பான் வெளுத்துவிட்டால் அதன்பின் எந்த பல்பைப் போட்டாலும் வெளிச்சம் வராது. அதற்கு மருந்தாக அடுத்த முறை 130 வாட் பல்பு வாங்குவார்கள்.

மங்கலான விளக்குக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் வேறொன்று. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. அதைவிட மிகக் கூர்மையாக மாறும். 13.2 வோல்ட் சேரவேண்டிய இடத்தில் 12 வோல்ட் மட்டும் சேர்ந்தால் ஒளியில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். 11 வோல்ட் சேர்ந்தால் ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும். பழைய வண்டிகளில் விளக்குக்குப் போகும் மின்சாரம் முழுவதும் ஓட்டுநர் கையருகே உள்ள சுவிட்ச் வழியாகச் சுற்றி வருவதாலும், துருப்பிடித்த எர்த் இணைப்பாலும் இந்த இழப்பு ஏற்படுகிறது. விவரம் தெரிந்த எலெக்ட்ரீசியன் வாட்டைக் கூட்டமாட்டார். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கம்பி இழுத்து, நடுவில் ரிலே போட்டு, எர்த்தைச் சுரண்டி முறுக்குவார். அதே 60/55 பல்பு புதிய விளக்குப் போல எரியும். ஸ்கூட்டர், மொபெட் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பாடம் இயல்பாகவே தெரியும்: இயந்திரம் வேகமெடுத்தால் விளக்கு பளிச்சிடும், வேகம் குறைந்தால் விளக்கும் படுத்துவிடும்.

இந்தியா இந்தத் தொழிலில் பின்தங்கியிருக்கவும் இல்லை. நொய்டாவில் 1990களில் வளர்ந்த பீனிக்ஸ் லேம்ப்ஸ் வாகன ஹாலஜன் பல்புகளைப் பெருமளவில் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பியது. 2015இல் அதைப் பெங்களூரின் சுப்ரஜித் நிறுவனம் வாங்கிக்கொண்டது. டூம்களைப் பொறுத்தவரை, லூகாஸ்-டி.வி.எஸ். ஜப்பானின் கொய்டோவுடன் சேர்ந்து 1996இல் இந்தியா ஜப்பான் லைட்டிங் என்ற நிறுவனத்தைச் சென்னைக்கருகே தொடங்கியது.

வெண்ணொளியின் கவர்ச்சி

1991இல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் காரில் சீனான் விளக்கு வந்தது. இதில் இழை இல்லை. வாயுவுக்குள் ஒரு மின்பொறி எரிகிறது. 35 வாட்டில் ஏறத்தாழ 3,200 லூமென் என்பது எச்4இன் டிம்மைப்போல மூன்று மடங்கு. அவ்வளவு ஒளி ஆபத்தானது என்பதால் ஐரோப்பிய விதிகள், சுமைக்கேற்பத் தானே சாயும் பொறியையும் கண்ணாடியைக் கழுவும் பீச்சியையும் கட்டாயமாக்கின. சில ஆண்டுகளில் அதன் மலிவான நகல் எச்4 அடிப்பாகத்தோடு சந்தைக்கு வந்தது. பொறியும் பீச்சியும் வரவில்லை. ஒளி மட்டும் வந்தது.

எல்.இ.டி. கதையும் இதே வழியில் சென்றது. 1990களில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டி. உருவாக்கப்பட்டபின் வெண்ணொளி சாத்தியமாயிற்று. அதற்கு அடித்தளமிட்ட மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2007இல் லெக்சஸ் கார் ஒன்றின் டிம் விளக்கு எல்.இ.டி.யாக வந்தது. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.க்காக வடிவமைத்த டூமில் அது சிறந்த விளக்கு என்பதில் ஐயமில்லை. ஹாலஜன் டூமுக்குள் செருகும் எல்.இ.டி. பல்பு வேறு விஷயம். எச்4இன் இழை ஒரு சிறு சுருள். அது எல்லாப் பக்கமும் ஒளிவிடும். எல்.இ.டி. பல்பில் சில்லுகள் ஒரு தகட்டின் இருபுறமும் ஒட்டப்பட்டிருப்பதால் ஒளி இரண்டு பக்கம் மட்டுமே போகிறது. தகட்டின் தடிமன் கூடினால் சில்லுகள் குவியத்தை விட்டு விலகிவிடும். எதிரொளிப்பானுக்கு இது அறிமுகமில்லாத விருந்தாளி. கிடைத்த ஒளியைக் கண்ட திசையில் எறிகிறது. வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பகல்போல இருக்கும். அருகே இவ்வளவு வெளிச்சம் இருந்தால் ஓட்டுநரின் கண்மணி சுருங்கி, தொலைவு இன்னும் இருண்டுபோகும். சுவரைப் பார்த்து 'நல்ல வெளிச்சம்' என்று கடையிலேயே முடிவு செய்பவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. மேலும் இந்த பல்புகளின் வாலில் சூட்டைத் தணிக்க ஒரு விசிறி இருக்கும். டூமின் பின்புற ரப்பர் மூடியை இடமில்லாமல் கழற்றி எறிந்துவிட்டால், ஆடிக் காற்றில் கரிசல் தூசி முழுவதும் எதிரொளிப்பானில் போய் உட்காரும்.

ஜெர்மனி 2020இல் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் மாற்று எல்.இ.டி. பல்பை அனுமதித்தது. ஆனால் அது சோதித்துப் பட்டியலிட்ட கார் மாதிரிகளுக்கு மட்டுமே. ஒரே பல்பு ஒரு டூமில் ஒழுங்காகவும் இன்னொன்றில் தாறுமாறாகவும் எரியும் என்பதை அந்தப் பட்டியலே ஒப்புக்கொள்கிறது.

இந்தியச் சட்டம் இதை வேறு வழியில் அணுகுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முகப்பு விளக்கு முன்னால் 155 மீட்டர் தொலைவில் உள்ள ஆட்களையும் வாகனங்களையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கின்றன. அடுத்த விதியிலேயே எதிரே உள்ளவரின் கண்ணைக் கூசச்செய்யாதவாறு ஒளி கீழே சாய்ந்திருக்க வேண்டும் என்கின்றன. பார்க்கும் உரிமையும் கூசாமலிருக்கும் உரிமையும் அருகருகே எழுதப்பட்டிருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், உரிமையாளர் இவ்வாறு செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ விதிக்க இடமளிக்கிறது.

கண்ணும் வேகமும்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. நல்ல டிம் விளக்கில் தெளிவாகத் தெரியும் தொலைவு ஏறத்தாழ 50, 60 மீட்டர்தான். ஓட்டுநர் சுதாரித்து பிரேக் போட்டு வண்டி நிற்பதற்கு இதைவிடக் கூடுதலாகவே சாலை தேவைப்படும். ஆகவே கூச்சம் இல்லாத இரவிலேயே 80 என்பது அதிக வேகம். எதிரொளி பட்டு இரண்டு நொடி கண் இருண்டால் 44 மீட்டர் சாலை குருட்டுத்தனமாகக் கடந்துபோகிறது. அந்த 44 மீட்டருக்குள் மிளகாய்க் களத்தின் காவல் கல்லோ, விளக்கில்லா வண்டியோ இருக்கலாம்.

கூச்சம் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கண்புரை தொடங்கியவருக்கு ஒளி கண்வில்லைக்குள்ளேயே சிதறி, விளக்கைச் சுற்றிப் பெரிய வட்டமாகத் தெரியும். நீலம் மிகுந்த வெண்ணொளியில் இந்தத் தொல்லை இன்னும் கூடும். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவையில் உலகப் புகழ் பெற்றது. வெயிலில் வேலை செய்யும் மக்களிடையே கண்புரை எவ்வளவு பரவலாக இருந்தது என்பதை அந்தக் கரிசல்காட்டுக்காரர் அறிந்திருந்தார். சாலையில் எதிரே சைக்கிளில் வரும் அறுபது வயதுக்காரர் அறுவைக்காகக் காத்திருப்பவராகவும் இருக்கக்கூடும்.

மாற்று பல்பு தேர்வு

இந்த வரலாற்றைப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், பல்பு வாங்குவது எளிதான வேலை. பழைய பல்பின் அடியிலோ காரின் கையேட்டிலோ எச்4, எச்7, எச்11, எச்பி3 என்று வகை எழுதியிருக்கும். அதே வகை, அதே வோல்ட், அதே வாட் வாங்க வேண்டும். வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருந்தால் அது ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது என்று பொருள்; எண் ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கும். '1' ஜெர்மனி, '4' நெதர்லாந்து. 'கூடுதல் வெளிச்சம்' என்று விற்கப்படும் ஒப்புதல் பெற்ற ஹாலஜன்கள் அதே வாட்டில் இழையை இன்னும் சூடாக எரியவிடுபவை. அவை நம்பத்தக்கவை, ஆனால் ஆயுள் குறைவு. நீலச் சாயம் பூசிய பல்புகள் வெண்மையாகத் தோன்றினாலும் சாயம் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. எதிர்முனையில் பிரான்ஸ் இருந்தது: 1930களின் பிற்பகுதி முதல் 1993 வரை அங்கே மஞ்சள் விளக்கே கட்டாயம். இரண்டு பல்புகளில் ஒன்று போனால் மற்றதும் நெருங்கிவிட்டது என்பதால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது வழக்கம்.

ஆனால் பல்பு வாங்கும் முன் டூமைப் பார்க்க வேண்டும். 1990களிலிருந்து கண்ணாடிக்குப் பதிலாகப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் முகப்பு வந்துவிட்டது. கோவில்பட்டி, விளாத்திகுளம் வெயிலில் நிழலின்றி நிற்கும் கார்களில் அது சில ஆண்டுகளில் மஞ்சளடித்து மங்கிவிடும். கடலோரத்து உப்புக்காற்று எதிரொளிப்பானின் பூச்சைக் கெடுக்கும். இந்த இரண்டும் இருந்தால் புதிய பல்பால் பயனில்லை. முகப்பை மெருகேற்ற வேண்டும் அல்லது டூமை மாற்ற வேண்டும். பல்பு மாட்டியபின், டயர் காற்று சரியாக இருக்க, வழக்கமான சுமையோடு காரைச் சமதளத்தில் சுவருக்கு எதிரே 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போட்டால், சுவரில் ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் மையத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்வாக விழ வேண்டும். டூமின் பின்னால் உள்ள திருகால் இதைச் சரிசெய்யலாம். பின்னிருக்கையில் நான்கு பேரும் டிக்கியில் இரண்டு மூட்டை மிளகாயும் ஏறினால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும். அப்போது அளவெடுத்த விளக்கும் எதிராளியின் கண்ணுக்கே போகும். புதிய கார்களில் ஸ்டீயரிங் அருகே 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு உருளை இருப்பது இதற்காகத்தான். பலர் அதைத் தொட்டதேயில்லை.

கோவில்பட்டி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 நான்குவழியானபின், நடுவில் வளர்த்த அரளிச் செடிகள் எதிர்ச்சாரி வெளிச்சத்தைப் பெருமளவு மறைத்துவிடுகின்றன. எட்டயபுரம் வழியாக மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நான்குவழிச் சாலையிலும் அதே ஏற்பாடுதான். குளத்தூரைக் கடக்கும் சாலைக்கு நடுவே அரளி கிடையாது. எதிரெதிர் வண்டிகள் சில அடி இடைவெளியில் ஒன்றையொன்று கடக்கின்றன.